சுவரில் மாட்டிய சுளகு

தாராவி,
6-7-2025, ஞாயிறு

விஜயராணிக்கு, உன் மைனி மாரிசெல்வி எழுதுவது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்றுதான் பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறாய். இரண்டு படுக்கையறை, பெரிய ஹால், எந்நேரமும் குழாயில் தண்ணீர், நன்றாக இருக்காமல் என்ன?

பக்கத்தில் இருக்கிற செம்பூருக்குப் போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். எங்கள் ஒற்றை அறையில் போனில் பேசினால் மாடி வீட்டு ஃபர்ஸானாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். உன் அண்ணன் காதில் விழுந்தால் "ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டியளா?" என்று என்னைத்தான் வைவார். எங்கள் பிள்ளை இசக்கிக்கு இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூன்றும் வரும். தமிழில் மட்டும் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. அதனால் தைரியமாக அவள் பைக்குள் இதை வைக்கிறேன். அவளைவிட நல்ல தபால்காரர் நமக்குக் கிடைக்கமாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து என் மகள் உன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நல்ல பள்ளிக்கூடம், உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இடம் வாங்க உன் வீட்டுக்காரர் அய்யாத்துரை அண்ணன் நாயாய் அலைந்தார், அதை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை உன் அண்ணன் வந்து கூட்டிவருவதும், ஞாயிறு சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று அவருக்குத் தோல் பட்டறையில் அவசர வேலை என்று நான் வந்தேன். அவளுக்கென்று நீ ஒதுக்கிக் கொடுத்த அறையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மஞ்சள் சுவர். சுவரில் என் சுளகு.

நான் தினமும் அரிசி புடைக்கிற சுளகு, விஜயராணி. அதில் வெள்ளைப் பூ வரைந்து, சிவப்பு நூல் கட்டி, ஆணியில் மாட்டியிருக்கிறாய். பக்கத்தில் என் எண்ணெய்ப் புனல். அதற்குப் பக்கத்தில் டீ வடிகட்டி. மேலே உன் அண்ணன் பை வெட்டுவதற்காகத் தோலின்மேல் வைத்து வரைகிற அட்டை. வீட்டில் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறதே என்று ஒரு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வடிகட்டியைப் பார்த்தியா என்று ஃபர்ஸானாவிடம் வேறு கேட்டுத் தொலைத்தேன். என்னைத் திருடி என்கிறாயா என்று நாலு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரும் வழியில் இசக்கியிடம் கேட்டேன். "அம்மா, அத்தை போலீ, தினமும் கைல தொடற திங்ஸ்தான் வால்ல அச்சா லகேகா" என்று சிரிக்கிறாள். தினமும் தொடுகிற சாமான்தான் சுவரில் அழகாக இருக்கும் என்று நீ சொன்னாயாம்.

உன் வீட்டில் சாமான் கிடையாதா? உன் புனலை மாட்டு. உன் கரண்டியை மாட்டு. அப்புறம், அவளை ஈஷா என்று கூப்பிடுகிறீர்களாமே. அவள் பெயர் இசக்கியம்மாள். அது உன்னைப் பெற்ற அம்மாவின் பெயர், உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

மாரிசெல்வி


செம்பூர்,
11-7-2025, வெள்ளி

அன்புள்ள மைனிக்கு,

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டு என்று நினைத்துத்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். வாசித்து முடிக்க இரண்டு தரம் உட்கார வேண்டியிருந்தது.

சாமான்களை நான் கேட்கவில்லை. அவளாகத்தான் கொண்டுவந்தாள். கடையில் விற்கிற கார்ட்டூன் ஸ்டிக்கர் வேண்டாம், தினமும் புழங்குகிற பொருளை மாட்டினால் குழந்தை அறைக்குக் களை வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அதை அவளிடம் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. மூன்றாம் மாடி மாமி பார்த்துவிட்டு "இதெல்லாம் எந்தக் கடையில வாங்கினேள்?" என்று கேட்டார். எங்கள் மைனி வீட்டுச் சாமான் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று தாதரில் புதுச் சுளகு, வடிகட்டி, புனல் எல்லாம் வாங்கி இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். எல்லாம் நல்ல சாமான்.

பெயர் விஷயம். வகுப்புப் பிள்ளைகளின் வாயில் இசக்கியம்மாள் நுழையவில்லை. அவளே தன்னை ஈஷா என்று சொல்லிக்கொண்டாள். நாங்கள் கூப்பிடத் தொடங்கியது பிறகுதான்.

இங்கே நன்றாகச் சாப்பிடுகிறாள். வந்த புதிதில் கத்தரிக்காயைக் கண்டாலே ஓடுவாள், இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். நீங்கள் அதை எப்படி வைத்துக் கொடுத்தீர்களோ தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, மைனி.

அண்ணனுக்கு இந்தக் கடிதங்கள் தெரிய வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். என் வீட்டில் இவரிடமும் நான் சொல்லவில்லை.

விஜயராணி


தாராவி,
13-7-2025, ஞாயிறு

விஜயராணிக்கு,

புதுச் சுளகைத் திருப்பி அனுப்புகிறேன். வடிகட்டியையும் புனலையும் வைத்துக்கொண்டேன், அவசரத்துக்கு வேண்டியிருந்தது.

கத்தரிக்காய் விஷயம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நேற்று எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன். பாதி தின்றுவிட்டு "அத்தை பண்றது மாதிரி இல்ல" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தேன்.

உன் சுவர் ஒரு வாரமாகக் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டிலும் சுவர் நாலு இருக்கிறது. ஒன்றில் கேஸ் அடுப்பு, ஒன்றில் பாத்திரப் பலகை, ஒன்றில் பீரோ, ஒன்றில் கதவு. பிள்ளைக்கு என்று கொடுக்க எந்தச் சுவர் மிச்சம் இருக்கிறது? எங்கள் வீட்டிலும் சுளகும் கரண்டியும் ஆணியில்தான் தொங்கும். கீழே வைக்க இடம் இல்லாததால் தொங்குகிறது. உன் வீட்டில் இடம் மிஞ்சிப்போய்த் தொங்குகிறது. மாமி வந்து பார்த்து எந்தக் கடை என்று கேட்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்து எவளும் அப்படிக் கேட்டதில்லை.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டு உன்னிடம் சிரித்துப் பேச எனக்கு வராது.

நீ என் வீட்டை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. கிறுக்குத்தனமாகக்கூட இருக்கலாம். படுவதைச் சொல்கிறேன்.

மாரிசெல்வி


செம்பூர்,
25-7-2025, வெள்ளி

அன்புள்ள மைனிக்கு,

போன வாரம் இசக்கியை அனுப்ப முடியவில்லை. லேசாகக் காய்ச்சல், வெளியே மழை. அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், உங்களிடம் சொல்லியிருப்பார். கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாளும் நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. இவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சீட்டு விளையாடச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் இத்தனை சத்தம் நான் கேட்டதேயில்லை.

ஒரு சந்தோஷச் செய்தி. ஆகஸ்ட் பதினைந்து அவளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் அல்லவா? லீவு நாளாகவும் இருக்கிறது. இங்கேயே கொண்டாடலாம் என்று இருக்கிறோம். வகுப்புப் பிள்ளைகள், காலனிக்காரர்கள், மாட்டுங்காவிலிருந்து இவருடைய அக்கா முருகம்மாள், எல்லோரும் வருவார்கள். உங்கள் அறையில் இத்தனை பேரை உட்காரவைக்க முடியாது என்று அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

நீங்களும் அவசியம் வரவேண்டும். வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்.

விஜயராணி


தாராவி,
27-7-2025, ஞாயிறு

விஜயராணி,

என் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நான் அவசியம் வரவேண்டுமா? வந்து உட்கார்ந்தால் போதுமா? ரொம்பப் பெரிய மனசு உனக்கு.

சனிக்கிழமை மழை என்று மட்டும் சொன்ன உன் அண்ணன், காய்ச்சல் என்று திங்கட்கிழமைதான் வாயைத் திறந்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றால், "விஜயா பாத்துக்கிட்டா, நீ எதுக்குக் கெடந்து துள்ளுத?" என்கிறார். காய்ச்சல் வந்தால் அவள் என் முந்தானையைச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அது உனக்குத் தெரியுமா? சீட்டு விளையாடச் சொல்லிக்கொடுத்தீர்களாம்.

பெற்றுப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். அவளைப் பெறும்போது பதினெட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் நான். பன்னிரண்டு வருஷமாக வயிறு திறக்காதவள் அடுத்தவள் பெற்ற பிள்ளைக்குக் கேக் வெட்ட இத்தனை அவசரப்படக் கூடாது.

இதை எழுதியதும் அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

மாரிசெல்வி


செம்பூர்,
1-8-2025, வெள்ளி

மைனி,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே வாசித்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. பருப்பு கருகிவிட்டது.

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. முருகம்மாள் அக்கா வரும்போதெல்லாம் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைதான். அவருக்கு உண்மை தெரியாது என்பதால் பொறுத்துக்கொள்வேன். உங்களுக்கும் தெரியாது. இன்றைக்குச் சொல்கிறேன். குறை என்னிடம் இல்லை, மைனி. கல்யாணமான மூன்றாம் வருஷமே டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். குறை இவரிடம். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராணி, இத எங்க அக்காட்ட மட்டும் சொல்லிராத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். ஒன்பது வருஷமாக மலடி என்ற பட்டத்தை நான் சுமக்கிறேன். என்னைப் பெற்ற அம்மா சாகும்வரை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

இசக்கி வந்த பிறகு இவர் நேரத்தோடு வீட்டுக்கு வருகிறார். அவளோடு உட்கார்ந்து மராத்திப் பாடம் படிக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் டீவி இல்லாமல் பேசிக்கொள்கிறோம்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அவளை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள். கோர்ட்டு, பத்திரம் எதுவும் வேண்டாம், உங்கள் வாய்வார்த்தை போதும். உங்களுக்கு இன்னும் வயசு இருக்கிறது.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

விஜயராணி


தாராவி,
10-8-2025, ஞாயிறு

விஜயராணிக்கு,

போன வாரமே பதில் எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன்னைச் சொன்ன வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் வயசு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, பிள்ளை என்ன இட்லியா, அடுத்த ஈடு ஊற்றிக்கொள்ள? தரமாட்டேன். இதை இனிமேல் நீ கேட்கவும் கூடாது.

உன் கடிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது, உன் அண்ணன் கை அங்கே போகாது. பதினைந்தாம் தேதி வருகிறோம்.

மாரிசெல்வி


செம்பூர்,
20-8-2025, புதன்

மைனிக்கு,

கொடுத்தனுப்ப ஆள் இல்லாததால் இதைத் தபாலில் போடுகிறேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவள் கதவைச் சாத்திக்கொண்டு, "அத்தை, அந்தர் மத் ஆனா, சர்ப்ரைஸ்" என்று என்னை உள்ளே வரவிடாமல் வைத்திருந்தாள். பிரியாணி வேலையில் நான் எட்டிப் பார்க்கவில்லை. கேக் வெட்டியதும் எல்லோரையும் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துப் போனாள். சுளகுக்குக் கீழே கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் வரிசையாகக் காகிதங்கள். என் பீரோவில் இருந்த உங்கள் கடிதங்கள், உங்கள் வீட்டில் இருந்த என் கடிதங்கள். ஓரத்தில் கலர் பென்சிலால் பூ வேறு போட்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாம் இரண்டு பேரும் ஓயாமல் கையில் வைத்திருக்கிற பொருள் அதுதானே. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி அதுதான் சுவரில் வரவேண்டியது.

முருகம்மாள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். "பரவால்லையே, பிள்ளைக்குத் தமிழ் எழுத வந்துட்டே!" என்று, எழுத்துப் பயிற்சி என்று நினைத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தார். முதல் கிளிப்பில் ஜூலைக் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம். வயிறு திறக்காதவள் என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. மாமி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு அடுத்த கிளிப். அதை அவர் வாய்க்குள் வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். இவர் கையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க எடுத்த ஐஸ்கிரீம் கப் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது உங்கள் சத்தம் கேட்டது, "கெளம்புட்டி." க்ரீம் ஒட்டிய கையோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

எனக்கு இரண்டு கேள்வி இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்தக் கடிதம் எப்படி இங்கே வந்தது? அக்கா உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள். அடுத்து இருப்பது என் கையெழுத்து என்று உங்களுக்குத் தெரியும். கையை நீட்டிப் பிடுங்க ஏன் தோன்றவில்லை?

அறையில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருநாளும் அந்தத் தெருப் பக்கம் நான் வரமாட்டேன். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

விஜயராணி


தாராவி,
24-8-2025, ஞாயிறு

விஜயராணிக்கு,

தபால்காரர் கல்லிச் சந்தில் நாலு பேரிடம் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். உன் அண்ணன் எதிரிலேயே வாங்கிப் பிரித்தேன். இனிமேல் அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிறந்தநாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார், கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறார்.

நீ கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். வாசித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பத்தாம் தேதி, அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எழுதி முடித்து, கடிதத்தை வைக்க அவள் பையைத் திறந்தேன். உள்ளே டிராயிங் புக்குக்கு நடுவில் உன் கடிதம் இருந்தது. கூடவே என் துணிக் கிளிப் ஏழெட்டு. என்ன இது என்றேன். "சர்ப்ரைஸ், பர்த்டேக்கு வால்ல போடுவேன், அத்தைகிட்ட சொல்லாத" என்றாள். எங்கே போகிறது, யார் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கலாம். நான் பையை மூடி, ஜிப்பை இழுத்துவிட்டேன்.

அந்த அறையில் எல்லோரும் உன்னைப் புகழ்ந்துகொண்டே இருப்பார்கள், நான் ஒரு மூலையில் பேப்பர் தட்டோடு உட்கார்ந்திருப்பேன் என்று அந்த வாரம் முழுக்க மனசு அரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் நீ ஒரே ஒரு தடவை தலைகுனியட்டும் என்று நினைத்தேன். என் கடிதங்களையும் உன் பீரோவிலிருந்து எடுத்துத் தொங்கவிடுவாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் தடுத்திருப்பேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி. கை எட்டும் தூரத்தில்தான் நின்றேன். முதலில் என் எழுத்தை வாசிக்கக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது. நான் மட்டும் ஏன் அவமானப்பட வேண்டும், அவளுடையதையும் வாசிக்கட்டும் என்று நின்றேன். அய்யாத்துரை அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அந்த மனுஷன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

இசக்கி தினமும் "நான் என்ன கலத் பண்ணினேன்?" என்று கேட்கிறாள். ஒரு தப்பும் இல்லை என்கிறேன். பின்னே ஏன் யாரும் பேசமாட்டேங்கிறீங்க என்கிறாள்.

மாரிசெல்வி


செம்பூர்,
4-9-2025, வியாழன்

மைனிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு வாரம் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். குளிக்கும்போது திட்டினேன், காய் நறுக்கும்போது திட்டினேன். இன்னும் முழுசாகத் தீரவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பிறந்தநாள் முடிந்த நாலாம் நாள் இவர் என் எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டு, "ஆமாக்கா, எழுதியிருந்தது நெசந்தான். கொற எங்கிட்டதான். இனிமே அவள ஒண்ணும் சொல்லாத" என்றார். வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முருகம்மாள் அக்கா வந்தார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். வேண்டாம் போதும் என்றாலும் விடவில்லை, வீட்டில் இருந்த வெங்காயம் மொத்தத்தையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு லேசாக வந்தது. இதற்காக உங்களுக்கு நன்றி சொல்லமாட்டேன்.

நீங்கள் ஒளிக்காமல் சொன்னதால் நானும் சொல்லவேண்டியிருக்கிறது. சாமான்களை நான் கேட்கவில்லை என்று எழுதினேனே, அது பொய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் பையை எடுத்து வைத்துவிடுவாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஜன்னலில் உட்கார்ந்து அண்ணன் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சுட்டு வைத்த தோசை ஆறிப்போகும். அந்த முகத்தை என்னால் சகிக்க முடியவில்லை. என்னோடு இருந்த ஐந்து நாளில் ஒருநாள்கூட அந்த முகத்தை அவள் எனக்குக் காட்டியதில்லை.

அம்மா கையில் தினமும் என்ன இருக்கும் என்று கேட்டேன். சுளகு என்றாள். அடுத்த வாரம் அதைக் கொண்டுவா, சுவரில் மாட்டலாம் என்றேன். பிறகு வடிகட்டி, புனல், அண்ணனின் அட்டை எல்லாம் நான் கேட்டு வந்தவைதான். வீடியோவில் பார்த்தேன் என்றது உண்மை, ஆனால் அழகுக்காகச் செய்யவில்லை. உங்கள் வீட்டை ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்துவிட்டால், ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை அவள் பையை எடுத்து வைக்க மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் மறக்கவில்லை, மைனி. அந்தச் சாமானைப் பார்க்கப் பார்க்க வியாழக்கிழமையே பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் வீட்டில் எல்லாம் இருக்கிறது. ஜன்னலில் உட்கார்ந்து என்னைத் தேடுவதற்கு ஒரு பிள்ளை இல்லை. உங்கள்மேல் எனக்கு இருந்த பொறாமையை எழுதினால் நோட்டு தீர்ந்துபோகும்.

விஜயராணி


தாராவி,
11-9-2025, வியாழன்

விஜயராணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் பொங்கியது. என் வீட்டை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று நான் ஜூலையிலேயே சொன்னேன், கிறுக்குத்தனம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன், கடைசியில் அதுதானே நடந்திருக்கிறது!

இரண்டாவது தடவை வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்னைப் பார்த்து இதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை. விடியுமுன்னே குடத்தோடு வரிசையில் நிற்கிறேன், பகல் முழுக்கப் பைக்கு நூல் வெட்டுகிறேன், என்னைப் பார்த்து எவளுக்கு வயிறெரியும்? இரண்டு படுக்கையறை வீட்டுக்காரி ஒருத்தி ஜன்னலைப் பார்த்து என்னை நினைத்து வெந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃபர்ஸானாகூட "என்ன செல்வி, லாட்டரி கீட்டரி அடிச்சிச்சா?" என்று கேட்டாள். அதைவிடப் பெரிசு என்றேன்.

மூன்றாவது தடவை வாசிக்கும்போது இசக்கி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். காலையில் ஆறு மணிக்கு அவளை எழுப்பிப் பஸ்ஸில் கொண்டுபோகிறார் உன் அண்ணன், திரும்பி வரும்போது நாலு மணியாகிறது. வந்தவள் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் கழற்றியதும் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். வகுப்பிலும் தூங்குகிறாள் என்று டீச்சர் டைரியில் எழுதியனுப்பியிருக்கிறார். உன் அண்ணன் அதை என் முன்னால் வைத்து, இருபத்தைந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் வேணும்னா இன்னும் சண்ட போடுங்க. பிள்ள தூங்கணும்" என்றார்.

திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். உன்மேல் இரக்கப்பட்டு வருகிறேன் என்று நினைக்காதே. நான் அவளை அனுப்பத்தான் செய்கிறேன், கொடுக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலமே வந்து கூட்டிப்போவேன், சனிக்கிழமை வரை காத்திருக்க என்னால் முடியாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுவிடுகிறேன். அய்யாத்துரை அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை. வாசலிலேயே நின்றுகொள்கிறேன், உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம்.

இத்தனை நாள் என்னோடு இருந்துவிட்டு வருவதால் முதல் ஒரு வாரம் அவள் என்னைக் கேட்டு அழுவாள். அழுதால் எனக்கு எழுது. எப்போது அழுதாள், என்ன சொல்லி அழுதாள் என்று ஒன்று விடாமல் எழுது.

அழவில்லை என்றால் எழுத வேண்டாம்.

மாரிசெல்வி